முதல் வகுப்பு ஓய்வறையில் மயங்கிய கணவர்

நாங்கள் வில்லியனூர் பக்கம் கரும்பு பயிரிடுபவர்கள். பிரான்சில் இருக்கும் மகள் எங்களுக்கு முதல் வகுப்பு டிக்கெட் எடுத்திருந்தாள். "லவுஞ்சுல எல்லாம் இருக்கும்மா, வூட்லேர்ந்து எதுவும் கட்டாத" என்றாள். நம்பி வெறுங்கையோடு விமான நிலையம் போனோம்.

என் கணவருக்குச் சர்க்கரை. உள்ளே போனதும் சாப்பிடலாம் என்று லவுஞ்ச் வாசலிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டார். உள்ளே நிற்கக்கூட இடமில்லை. சாப்பாட்டு வரிசை நகரவே இல்லை. ஒருவர் பக்கத்து நாற்காலியில் தன் பெட்டியை உட்கார வைத்திருந்தார்.

"கொஞ்சம் எடுங்க, அவருக்கு முடியல."

"ஆள் வராங்க" என்றார், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

பரிமாறும் பெண்ணிடம் கெஞ்சினேன். "எல்லாருமே ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் மேடம், வரிசையில வாங்க" என்றாள்.

அதற்குள் கணவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. "கண்ணு இருட்டுதுடி" என்று என்மேல் சாய்ந்தார். நான் பெட்டியைத் தரையில் தள்ளி அவரை உட்கார வைத்தேன். பெட்டிக்காரர் முன்னால் இருந்த ஜூஸை எடுத்துப் புகட்டினேன்.

"என்னம்மா, என் ஜூஸ்!" என்று அவர் கத்தினார்.

"உன் ஜூஸு பெருசா, என் வூட்டுக்காரரு உசுரு பெருசா? இன்னா மனுஷன்யா நீ!"

கணவர் மெல்லத் தெளிந்தார். அந்த ஆளோ எங்கள்மேல் புகார் சொல்லக் கிளம்பினார். சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட அவரைத் தடுக்கவில்லை.

இப்போதெல்லாம் சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. பயணம் என்றால் புளிச்சோறு கட்டிக்கொள்கிறேன். விமானம் ஏறும் வாசலருகே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். லவுஞ்ச் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை.