பூட்டியதும் திறந்து பார்ப்பவள்

"பேக்கப் இருக்கு, பேக்கப் இருக்குன்னே சொல்றாங்க அண்ணி. அது திரும்பி வருதான்னு ஒருத்தராவது பாத்தாங்களா?"

செருப்பைக் கழற்றும்போதே என் நாத்தனார் இதைச் சொல்லிவிடுவாள். தினமும் இதே பாட்டுதான். அடுப்பிலிருந்து திரும்பாமலே, "இன்னிக்கும் யாரும் பாக்கலியா?" என்பேன். "ம்ஹூம்." அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பாள்.

எங்கள் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். ஊரில் எல்லோரும் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். இவள் பூட்டிய கையோடு திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவாள். "பூட்டறது என்ன பெரிய விஷயம்? சாயங்காலம் திறக்கலைன்னா நான்தானே தெருவுல நிக்கணும்?" மாற்றுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது அதையும் வாங்கிப் போய்ப் போட்டுப் பார்ப்பாள். துரு ஏறியிருக்குமாம். "என் சமையல்கட்டு என்ன கடற்கரையாடி?" என்று கேட்டால் அவளுக்குச் சிரிப்பும் வராது.

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை; ஏசி குளிருக்குச் சால்வை. யாருக்கு எந்த மருந்து, இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் இவள் பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. சில மருந்துக்கு ஆயுளுக்கும் சேர்த்து ஓர் அளவு உண்டாம். தாண்டினால் இதயம் கெட்டுவிடும். குறைந்தால் நோய் போகாது. அந்த மருந்து ஏறுகிறவர்களில் ஒருவர் அவளுடைய அண்ணன், என் வீட்டுக்காரர்.

டேட்டாபேஸ் தன்னைத் தானே தினமும் பேக்கப் என்று ஒரு நகலெடுத்துக்கொண்டு, 'முடிந்தது' என்று பச்சையாகக் காட்டும். எல்லோரும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளுக்குத்தான் எதையும் திறந்து பார்க்கிற வியாதி ஆயிற்றே! ஒரு நாள் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அந்த நகலை ஏற்றிப் பார்த்திருக்கிறாள். பெயர் வந்தது, வயது வந்தது, போன் நம்பர் வந்தது. மருந்துக் கணக்கு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. டிஸ்கில் இடம் தீர்ந்து நகல் பாதியிலேயே நின்றிருக்கிறது. பச்சை மட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"அண்ணன் பேரு இருக்கு அண்ணி. என்ன ஏத்துனோம்னுதான் இல்ல."

அதை அன்றைக்கே சரிசெய்துவிட்டாள். நாளைக்கு வேறு எங்கே அறுந்துபோகும் என்பது யாருக்குத் தெரியும்? அதனால்தான் இதற்கென்றே விற்கிற சாஃப்ட்வேர் வேண்டும் என்று நின்றாள். அது ஒரு நகலை வேறு ஊரில் வைக்குமாம். தினமும் தானே திறந்து பார்த்து, வரவில்லை என்றால் கூச்சல் போடுமாம். இவளைப் போலவே ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

நிர்வாகிக்கு விலையைக் கேட்டதும் வாய் கோணிவிட்டது. "ஓசியில வர்றது போதாதாம்மா? கம்ப்யூட்டர் இதுவரைக்கும் ஒரு நாளாவது படுத்திருக்கா?"

"படுக்கல சார். படுத்தா எழுந்திருக்காது. அதான் பயமா இருக்கு."

நானும் சும்மா இருக்கவில்லை. "தங்கத்துலயா செய்யறாங்க அதை?" என்று கேட்டேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவருடைய மருந்து அளவுகளை எனக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுத்தால் போதுமா? கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, "சொல்லுங்க அண்ணி" என்று வந்து நிற்பாள். ஒரு தடவை இரண்டு எண்களை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

சென்ற மாதம் அவருக்கு மருந்து ஏற்றப் போயிருந்தோம். மருந்து ஏற்றும் கூடத்தை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர், நிர்வாகி, நடுவில் இவள். பேச்சு கேட்காது. என்னவோ கேட்டாள். டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். இவள் சட்டென்று இரண்டு உள்ளங்கையாலும் திரையை மூடிவிட்டாள். டாக்டர் மெல்லத் தலையைத் தூக்கி, கண்ணாடி வழியாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை.

ரிப்போர்ட் மோசம், சொல்லத் தெரியாமல் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "என்னடி, ஏன் போர்வையைப் பிடிச்சு இழுக்கற?" என்றார் இவர். "ஒண்ணுமில்ல, தூங்குங்க."

கூட்டம் முடிந்து வந்தவளைப் படிக்கட்டிலேயே பிடித்து உலுக்கினேன்.

"ஐயோ, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல அண்ணி! அந்த நாற்காலியில இருக்கறவருக்கு இன்னிக்கு எவ்வளவு ஏத்தலாம்னு டாக்டரைக் கேட்டேன். திரையை மூடிட்டு, இப்ப சொல்லுங்கன்னேன். தெரியாது, மருந்தை நிறுத்திடுவேன்னார். கூடத்துல இருக்கற எல்லாருக்குமான்னு கேட்டேன். அப்பதான் தலையைத் தூக்கி அண்ணனைப் பாத்தார்."

நிர்வாகி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். சாஃப்ட்வேர் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை வாய்ப்பாடு ஒப்பிக்கிறேன். இப்போதெல்லாம் அவள் கேட்காமலே, பாத்திரம் தேய்க்கும்போதுகூட.

உங்களில் யாராவது அந்த மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்து அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். சாயங்காலம் போனால் அறையைப் பூட்டிக்கொண்டிருப்பாள். உடனே கூப்பிட்டுவிடாதீர்கள். சாவியை மறுபடி நுழைத்து, கதவு திறக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.