பீச்சாங்கைச் சர்க்கரை

போடியில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். டெக்ஸ்ட்ரோஸ் பாடம் வந்தால் முதலில் பெயரை விளக்குவேன். லத்தீனில் டெக்ஸ்டர் என்றால் வலது. அந்தச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அதன் ஊடே ஒருவகை ஒளியைச் செலுத்தினால் வலப்பக்கம் திருப்பிவிடும். தேனிலும் பழத்திலும் உள்ள இன்னொரு சர்க்கரை இடப்பக்கம் திருப்பும். அதன் பழைய பெயர் லெவுலோஸ். லேவஸ் என்றால் இடது.

“ஒண்ணு சோத்தாங்கைச் சர்க்கரை, இன்னொண்ணு பீச்சாங்கைச் சர்க்கரை. எது இனிப்பு ஜாஸ்தி தெரியுமா? பீச்சாங்கைதான்” என்பேன். வகுப்பு சிரிக்கும். கரும்பலகையில் அதை எழுதுவதும் என் பீச்சாங்கைதான்.

எங்கள் ஊரான சிலமலையில் சின்ன வயதில், ஏலக்காய் மூட்டை தைக்கும் சணலால் அந்தக் கையை இடுப்போடு கட்டிவிட்டுத்தான் அப்பா எனக்குச் சோறு வைப்பார். சாப்பாட்டுக்கு வலது கை பழகியது, மற்றதற்குப் பழகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் காபி டம்ளரை இடது கையால் நீட்டிவிட்டேன். குடிக்காமலே எழுந்து போனார்கள். விஷயம் ஊரெல்லாம் பரவி, அப்புறம் யாரும் வரவில்லை. இன்றுவரை வீட்டில் அப்பாவும் நானும்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். போன மாதம் ஒருநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். மதியம் திரும்பியவர் வாசலிலேயே சரிந்தார். சட்டையெல்லாம் வியர்வை, கை நடுக்கம், நாக்குக் குழறல். சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்தது. குளுக்கோஸ் பொடியைக் கரைத்து, வலது கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, இடது கையால் டம்ளரை வாயில் வைத்தேன்.

பல்லைக் கடித்துக்கொண்டார்.

“குடிங்கப்பா, உசுரு போயிரும்.”

“சோத்தாங்கைல குடு ஆத்தா.”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று என் கையைத்தான் சொல்வார்கள். டெக்ஸ்ட்ரோஸும் குளுக்கோஸும் ஒன்றுதான். வலது என்று பேர் வாங்கிய சர்க்கரை டம்ளரில் இருந்தது. அவருக்கு அது போதவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டம்ளரை வீசியிருப்பேன். வீசவில்லை. தலையை இறக்கி, மறுபக்கம் வந்து மண்டியிட்டு, கையை மாற்றினேன். பாதி அவர் சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தார்.

கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். “சோத்தக் கொண்டா, சோலி கெடக்கு” என்றார். போட்டேன்.

நான் கை மாற்றிய அந்த இடைவெளியில் அவர் உயிர் போயிருந்தால், அதையும் ஊர் என் பீச்சாங்கையின் கணக்கில்தான் எழுதியிருக்கும். அதைக் கட்டிய சணலைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.