கரும்பலகையில் விடுபட்ட மேல்கோடு

சித்தூர் ஜில்லா ஆந்திரத்துக்கா தமிழகத்துக்கா என்ற எல்லைத் தகராறு தீராதிருந்த ஆண்டுகளில், புத்தூரிலும் நகரியிலும் மேடையேறிப் பேசிப் பேசி எனக்கு ஒரு பழக்கம் படிந்திருந்தது: வலிமையான வாதத்தைக் கடைசிக்கு வைப்பது. திருப்பதிக் கல்லூரியில் வேதியியல் மாணவர்களுள் ஒருவரைச் சென்னைக் கருத்தரங்குக்குத் தேர்ந்தெடுத்த அன்றும் அதையே நம்பிப் போனேன்.

ஆளுக்குப் பத்து நிமிடம். கேள்வியும் விடையும் அதற்குள்ளேயே. மணி அடித்தபின் ஒரு சொல்லும் கூடாது. கல்லூரிச் சொற்போர் மன்றச் செயலராக அவ்விதியை எழுதியவன் நான். இந்தத் தேர்வுக்கும் அதுவே பொருந்தும் என்று துறையில் வலியுறுத்தியவனும் நானே.

ஹைட்ரஜனில் தொடங்கினேன். இரண்டு அணுக்கள் நெருங்குகின்றன, எலக்ட்ரான்கள் உலவும் வெளிகளான அவற்றின் ஆர்பிட்டால்கள் கலக்கின்றன, அணுக்கருக்களுக்கு நடுவே எலக்ட்ரான் அடர்த்தி கூடுகிறது, ஆற்றல் தாழ்கிறது. அந்தத் தாழ்ந்த ஆற்றலைக் குறிக்கக் கரும்பலகையில் தாழ்வாக ஒரு கோடு இழுத்து, இரண்டு எலக்ட்ரான்களையும் அதில் அமர்த்தினேன். அறை அசையாமல் கேட்டது. அந்த அமைதியில் மயங்கி, ஒரு நிமிடத்தில் முடிய வேண்டியதை ஒன்பது நிமிடம் நீட்டினேன்.

இரண்டு ஆர்பிட்டால்கள் கலந்தால் இரண்டு பிறந்தாக வேண்டும். இரண்டாவது உயரத்தில் நிற்கும், பிணைப்பைக் குலைக்கும். அந்த மேல்கோட்டை முடிவுரைக்கென்று வைத்திருந்தேன். அப்போது, பாகாலாவிலிருந்து ரயிலில் வரும் என் வகுப்புத் தோழன் எழுந்தான்.

"ஹீலியமும் ஹீலியமும் கிட்ட வந்தா? அதுவும் இப்படியே சேர்ந்துக்கினு போகுமா?"

வாய் திறந்தேன். மணி அடித்தது.

விடை என் சட்டைப்பையில், தாளில் இருந்தது. நான்கு எலக்ட்ரான்கள், இரண்டு கீழே, இரண்டு மேலே, கீழே கிடைத்த ஆதாயத்தை மேலே இருப்பவை அழித்துவிடும், ஆகவே ஹீலியம் தனித்தே திரியும். தலைமை வகித்த விரிவுரையாளரை நோக்கினேன்.

"ரூல் நீ எழுதினதுதானப்பா" என்று சொல்லி, அவர் அடுத்தவனை அழைத்தார்.

அடுத்தவன் அதே தோழன். வந்ததும் இரண்டு கோடுகளையும் இழுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினான். தடுமாறினான், ஏழு நிமிடத்தில் முடித்தான். அவனையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஸ்டேஷனுக்கு நடக்கையில் தாளை அவனிடம் நீட்டினேன். நின்று படித்தான். "எல்லாம் தெரிஞ்சிக்கினு எதுக்குப்பா ஒளிச்சு வெச்சே?"

"கடைசியில் சொன்னால்தான் எடுபடும்."

"மீட்டிங்குல ஜனங்க கடைசி வரைக்கும் காத்துக்கினு இருப்பாங்க. இங்க யாரு இருப்பாங்க?"

தாளை வாங்கி மடித்து, மீண்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் மன்றத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்து, மணிக்குப் பின் ஒரு நிமிடம் அனுமதிக்கலாம் என்று சேர்க்கப் பேனாவை எடுத்தேன். தோற்றவன் தனக்காகத் திருத்தினான் என்பார்கள். எழுதாமலே புத்தகத்தை மூடி வைத்தேன்.