‘ங்க’வுக்கு இடம் வைக்காத புரோகிராம்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு நூல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. எங்களுக்கும் ஈரோட்டுக் கிளைக்கும் போன் லைனில் செய்தி போய்வர, ‘சி’ மொழியில் எழுதின ஒரு புரோகிராம் இருந்தது. எழுதினவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஈரோட்டில் அதைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு செய்தி அனுப்புவார், போய்விடும். அடுத்ததைத் தட்டினால் எல்லாம் நின்றுபோகும். நான் போய்த் தட்டினால் ஜோராக ஓடும்.

“ஈரோட்டுல எல்லாருமே சொல்றாங்க, அந்த அம்மணிக்குக் கைராசி இல்லீங்க. வேற ஆளைப் போட்டுக்கலாம்” என்றார் முதலாளி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கம்ப்யூட்டருக்கு என்ன கைராசி, கால்ராசி! கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும்போல அனுப்பச் சொன்னேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினார்: “ஏனுங்க, வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா? காத்தால சொன்ன நூலு வந்துருச்சுங்க. லாரிய அனுப்பட்டுங்களா?” இதையே நான் “நூல் வந்தது” என்று தட்டுகிற ஆள்.

அட, இவ்வளவுதானா! புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு செய்திக்கும் எண்பது எழுத்துக்கு மட்டும் மெமரி ஒதுக்கியிருந்தது. அதற்குமேல் தட்டினால், வரப்பைத் தாண்டி அடுத்தவன் காட்டில் உழுத மாதிரி, பக்கத்து மெமரியைக் கெடுத்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த செய்திக்கு இடம் கேட்கும்போதுதான் படுத்துக்கொள்ளும். எழுதின புண்ணியவான் எந்த ஊரோ, எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதே இல்லை போல.

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்ப மரியாதையைக் கொறைச்சுக்கச் சொல்லுங்க” என்று சிரித்தார்.

“அதெல்லாம் வேண்டாமுங்க. நான் இடத்தைக் கூட்டிப்போடறேன்” என்று வைத்துவிட்டேன்.

செய்தியின் நீளத்தை அளந்து, கடைசியில் வருகிற முடிவுக்குறிக்கும் சேர்த்து இடம் வாங்குகிற மாதிரி மாற்றினேன். இரண்டே வரிதான். அப்புறம் அவரைத் தட்டச் சொன்னேன். ஏனுங்க, சாப்டீங்களா, மழைங்களா என்று நீட்டி நீட்டி அனுப்பினார். நிற்கவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“தப்பு புரோகிராமுலதாங்க. உங்க மேல ஒண்ணுமில்லை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார்.

“நெசமாலுமுங்களா? ஊட்டுல வெளக்குக்கூட நான் ஏத்தறதை உட்டுட்டேனுங்க.”