ரோசலினின் சோதனைப் பட்டியலில் நான் எழுதிய பெயர்

ஒன்பது வருசமாக யோகராஜோடு நான் பேசுவதில்லை. மேல் லயத்தில், மலைச்சரிவிலிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையில், மண் சரிந்து இறங்கிய அன்றைக்கு என் அக்கா புஷ்பத்தின் கதவைத் தட்டியிருக்க வேண்டியவன் அவன். மழை கூடினால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருத்தன் போய்க் கூட்டி வரவேண்டும் என்று அப்போது தோட்டத்தில் ஏற்பாடு. அக்கா வீட்டுக்கு யோகராஜ். அன்றைக்குப் பார்த்து அவன் ரம்புக்கனைக்குப் போயிருந்தான். யாரும் தட்டவில்லை. அக்காவை மூன்றாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு கடையில், செத்த வீட்டில், எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் போனாய் என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

சர்ச் மலருக்கு ரோசலினைப் பற்றி எழுது ரொபர்ட் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அவளைப் பற்றி எழுதினால் இதையும் எழுதியாக வேண்டும்.

ரோசலின், றப்பர் பால் வெட்டிய அல்பிரட்டின் மகள். அப்பன் செத்தபோது அவளுக்குப் பதினாறு. கேகாலையில் தங்கிப் படித்து, கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பனியில் சேர்ந்தாள். கொரோனாவோடு ஊருக்கு வந்தவள் இங்கிருந்தே வேலை செய்தாள். லயத்தில் சிக்னல் கிடையாது. பால் நிறுக்கிற கொட்டிலில் ஒரு மூலைதான் அவள் ஆபீஸ். கவிழ்த்த வாளி மேல் லேப்டொப். கோபம் வந்தால் அதைச் சிங்களத்தில்தான் திட்டுவாள். கேட்டால், "தமிழ்ல திட்டினா பாவமா இருக்கு மாமா" என்பாள்.

போன வருசம், கம்பனி வேலை முடிந்த நேரத்தில், தோட்டத்துக்காக ஒன்று செய்யத் தொடங்கினாள். மழை அளவு ஏறினால் கதவு தட்டப் போகிற ஆட்களுக்குப் போனில் செய்தி போகும்.

"இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு ஆள் இல்ல மாமா. ஒரு வீட்டுக்கு மூணு பேர். ஒரு ஆளுக்கு நாலஞ்சு வீடு. ஒருத்தர் ஊர்ல இல்லாட்டி இன்னொருத்தர் தட்டுவார்."

"எதுல செய்யிற?"

"ரூபின்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி."

"மாணிக்கக் கல்லா? அதை இரத்தினபுரியிலல்லவா தோண்டுவாங்க?"

"சும்மா இருங்க மாமா. வந்து உதவி செய்ங்க."

உதவி இதுதான். மெய்யான ஆட்களுக்குச் செய்தி போவதற்கு முன்னால், பொய்யான வீடுகளையும் பொய்யான ஆட்களையும் வைத்துச் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பட்டியல், ஆளுக்கு ஒரு பட்டியல். எந்த ஆள் எந்த வீட்டுக்கு என்பது மூன்றாவது பட்டியல். முதலில் வீடும் ஆளும் இருக்க வேண்டும், பிறகுதான் சேர்க்கிற வரி. இல்லாத ஆளைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் கத்தும். கோணலானதையும் போடச் சொன்னாள்: ஆளே இல்லாத வீடு, ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை எழுதின ஆள், ஒரு வீடும் இல்லாத ஆள். நிஜத்தில் அப்படியும் நடக்குமாம்.

"மெய்யான பேர் ஒண்ணும் வேணாம். ஆள் ஒண்ணு, ஆள் ரெண்டுன்னு போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துச் செக்ரோல் பதிவில் முப்பது வருசம் நம்பராகக் கிடந்தவன் நான். மனுசனுக்கு நம்பர் போட மாட்டேன் என்று, ஊரில் இல்லாத பேர்களாக யோசித்து, அவள் போனில் ஒற்றை விரலால் தட்டினேன். கடைசி வரி, ஒரு வீடும் இல்லாத ஆள். அங்கே யோகராஜ் என்று போட்டேன். போடும்போது இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

"எல்லாம் இல்லாத பேர்தானே மாமா?"

"ஆமா புள்ள."

அவள் நம்பினாள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு சர்ச் மண்டபத்துச் சுவரில் அந்தச் சோதனையைப் போட்டுக் காட்டினாள். கோயில் பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். மழைக்காலத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அன்றைக்கே ஆட்கள் பேர் கொடுக்க வேண்டும். அதிலும் மேல் லயத்துக் குறுக்குப் பாதையெல்லாம் தெரிந்தவன் யோகராஜ் ஒருத்தன்தான். அவன் இல்லாமல் மேலே சரிவராது. முன் வரிசையில், பேர் கொடுக்கத்தான் வந்து உட்கார்ந்திருந்தான்.

சுவரில் வரிகள் ஓடின. கடைசியில் பெரிய எழுத்தில்: யோகராஜ், வீடுகள் பூச்சியம்.

பின்னாலிருந்து வினோத் என்ற பொடியன் கத்தினான். "யோகராஜ் மாமா, கம்ப்யூட்டரே ஒங்கள வேணாங்குது!"

சிரிப்பு. யோகராஜ் திரும்பி என்னைப் பார்த்தான். வேறு யாரையும் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரோசலினும் என்னைத்தான் பார்த்தாள். மற்றவர்கள் பேர் கொடுத்தார்கள். மேல் லயத்துக்கு மட்டும் ஆள் இல்லை. என் வீடும் அங்கேதான்.

அந்தக் கிழமையே கம்பனி அவளைக் கொழும்புக்குத் திரும்பக் கூப்பிட்டது. என் திரீவீலில்தான் ரம்புக்கனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். மேடையில் பெட்டியை இறக்கி வைத்தேன்.

"இதே இடத்துலதான் அன்னிக்கு யோகராஜ் மாமா பெட்டிய இறக்கி வச்சார்."

"என்னிக்கு?"

"மண் இறங்கின அன்னிக்கு. கொழும்புல எனக்கு முதல் இன்டர்வியூ. அப்பா இல்ல, தனியாப் போகப் பயம். அவர்தான் கூட்டிட்டு வந்து ரயில் ஏத்திவிட்டார். காலையில மழையே இல்ல மாமா. அவர் திரும்பும்போது ரோட்டுல மண் விழுந்து வழியில்ல."

"இதை ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"வெளியில சொல்லாத, ஒன்னத்தான் பழி சொல்லுவாங்கன்னார். நானும் பயந்து ஒன்பது வருசம் வாய மூடிக்கிட்டேன்." கண்ணைத் துடைத்தாள். "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ருவான்வெல்லையில் இருந்தேன். றப்பர் ஷீட் லொறியில். மழை பிடித்ததும், யோகராஜ் இருக்கிறானே என்று ஒரு கடைக்குள் ஒதுங்கி டீ குடித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு விளங்கியிருக்கும்.

ரயில் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"மாமா, சோதனைக்குப் போட்டதை எல்லாம் அழிச்சிட்டேன். இப்ப உள்ள இருக்கிறது மெய்யான வீடு, மெய்யான ஆள் மட்டும்தான். ஒங்க வீட்டுக்கு இன்னும் ஒருத்தரையும் போடல. நீங்களே யோகராஜ் மாமா வீட்டுக்குப் போய்க் கேளுங்க. சரின்னா, ஒங்க வீட்டுக்கு நேரா அவர் பேரையும், அவர் வீட்டுக்கு நேரா ஒங்க பேரையும், ஒங்க போன்ல, ஒங்க கையாலயே போடுங்க."