அழிந்த எழுத்தும் ஹவில்தார் பரமசிவமும்

ஹவில்தார் பரமசிவம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ராஜபாளையத்தில் மரம் அறுக்கும் என் சா மில்லில் இருந்தேன். யானைப் பருமனுக்கு ஒரு வேங்கைத் தடி ரம்பத்தில் ஏறியிருந்தது. ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, எப்படிப் போனார் என்று போனில் கேட்டேன். காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். ஒருநாள்கூடப் படுக்கையில் விழவில்லை, ஒருவருக்கும் தொந்தரவு தரவில்லை. உங்களிடம் மறைப்பானேன், எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். சாவிலும் மனுஷன் முந்திக்கொண்டார்.

அவரிடம் வில் பிடிக்கக் கற்ற உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டாளத்திலிருந்து வந்தபின் ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பு ரோட்டோரத் தென்னந்தோப்பில் குறிபார்க்க வைக்கோல் திரைகளை நிறுத்தி வில் பழக்கியவர். பழைய வில் யாரிடம் இருந்தாலும், அது என்ன மரம், எந்தக் காலத்தது என்று கேட்க அவரிடம்தான் போவார்கள். எனக்கு எரிச்சலே அதுதான். மரம் என்றால் இந்த ஜில்லாவில் நானல்லவா? எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு நாற்பது வகை மரத்தூளை நீட்டினார்கள், நாற்பதையும் முகர்ந்தே சொன்னேன். அதை நேரில் பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை.

அவரோ வாயைத் திறந்தால், "தெரியல, பாத்துச் சொல்லுதேன்" என்பார். இப்படிச் சொல்லும் ஆளைத் தேடி ஊரே போகிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மம்சாபுரத்து எஸ்தர் ஒரு வில்லோடு என் மில்லுக்கு வந்தாள். நுனி இரண்டும் எதிர்ப்பக்கம் வளைந்த ரீகர்வ் வில். அவள் அப்பா பட்டாளத்துக்காரர், இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எஸ்தர் பிறந்த வருஷம் ரெஜிமெண்டுப் போட்டியில் ஜெயித்து, புத்தம் புதிதாகப் பரிசு வாங்கிய வில் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். அவளுடைய தாய்மாமனோ, "உங்கப்பா ரிட்டையராகி வரும்போது பம்பாய்ல பழைய சாமான் கடையில வாங்குனதுட்டி. அம்புட்டும் புளுகு" என்று கல்யாண வீட்டில் பத்துப்பேர் முன்னால் சொல்லிவிட்டான். அப்பா சொன்னது நிஜமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வில்லை என்னிடம் தந்துவிட்டுக் கடைவீதிக்குப் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். தடியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப மாட்டோம். அது விற்கிறவன் எழுத்து. அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, எச்சில் தொட்டு ரேகையைப் பார்த்தால்தான் மரம் பேசும். வில்லின் கீழ்க்கையில், அதாவது கைப்பிடிக்குக் கீழே வளையும் பாகத்தில், கறுத்த வார்னிஷுக்கு அடியில் வெள்ளை மையில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. உப்புத்தாள் எடுத்து அதைச் சுத்தமாகத் தேய்த்தேன். எண்ணெய் தடவி மினுக்கியும் வைத்தேன். எஸ்தர் திரும்பி வந்ததும், "நம்ம மலை ஈட்டி மரம் தாயி. நூறு வருஷத்துக்குக் குறையாது. ஜமீன்ல பிடிச்ச வில்லு" என்று அடித்துவிட்டேன்.

அவள் முகம் வாடிப்போனது. "புது வில்லுன்னுல்லா அப்பா சொன்னாவ, அண்ணாச்சி?"

மறுநாள் அவள் ஹவில்தாரிடம் போனாள். அவர் தோற்பதைப் பார்க்க வேண்டுமென்று, கூப்பிடாமலே நானும் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டுதான் வில்லை வாங்கினார். நாணேற்றவில்லை. நுனியிலிருந்து நுனிவரை முறுக்கு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு விளிம்பை வெயிலுக்குத் திருப்பினார்.

"ஏலே சங்கரு" என்று என்னைக் கூப்பிட்டார். "இங்க பாரு. நடுவுல வெள்ளை மரப் பட்டை, முன்னாலயும் பின்னாலயும் கண்ணாடி நார், அதாம்லே ஃபைபர் கிளாஸ், ஒட்டிருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால ஏதுலே கண்ணாடி நாரு? கைப்பிடியும் ஈட்டி இல்ல, அதுமாதிரி ஒரு வெளிநாட்டு மரம்." அவர் விரல் கீழ்க்கைக்கு வந்து நின்றது. "இழுக்குற பலம், நீளம், நம்பர் எல்லாம் இங்கதான் எழுதிருப்பான். அந்த நம்பர் இருந்தா வருஷத்தைப் பிடிச்சிரலாம்."

"இல்லையா?" என்றாள் எஸ்தர்.

தேய்த்த இடத்தை அவர் தடவினார். ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து தென்னங்குலைகளை எண்ணத் தொடங்கினேன்.

"பழைய மைம்மா. வெயிலும் எண்ணெய்க் கையும் பட்டா தானா உதிர்ந்துரும்" என்றார். "இப்போதைக்கு உங்கப்பா சொன்னது பொய்யின்னு சொல்ல இதுல ஒண்ணுமில்ல. நிஜம்னு சொல்லவும் எனக்கு ஏலாது. பாத்துச் சொல்லுதேன்."

ஏழு மாதம் பார்த்தார். அந்த ரெஜிமெண்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். கடைசியில் வத்திராயிருப்பில் ஒருவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு போட்டோ கிடைத்தது. எஸ்தரின் அப்பா பரிசு மேடையில் வில்லோடு நிற்கிறார். போட்டோவின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் வருஷமும் இருந்தன. அவள் பிறந்த வருஷமேதான். ஆனால் போட்டோவில் இருப்பது இதே வில்தானா?

போட்டோவையும் வில்லையும் எடுத்துக்கொண்டு, எஸ்தரையும் கூட்டிக்கொண்டு ஹவில்தார் என் மில்லுக்கே வந்தார். "மரத்துக்கு மரம் சேருதான்னு பாக்க இவன் கண்ணுதாம்மா வேணும்" என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். கைப்பிடியின் நடுவே ஒரு வெளிர்கோடு. கோட்டை ஒட்டி மிளகளவு ஒரு கணு. வில்லிலும் போட்டோவிலும் அதே இடம். கணுவுக்குக் கீழே ரேகை இடப்பக்கம் ஒதுங்கி ஓடுவதும் அப்படியே. நான்கு முறை பார்த்தேன். எந்த மரத்தையும் அதற்குமுன் நான் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

"இதே வில்லுதான் தாயி" என்றேன். எஸ்தர் வில்லை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். என்னைத்தான் கும்பிட்டாள். கண்டுபிடித்தவன் நான் என்று ராஜபாளையம் முழுக்கச் சொன்னேன். நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். இதெல்லாம் ஹவில்தார் காதுக்கும் போயிருக்கும். மறுத்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துக்கவீட்டில் எஸ்தரைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு, எழுத்தை அழித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் அண்ணாச்சி. எழுத்து இருந்த வில்லைத்தானே உங்ககிட்ட குடுத்துட்டுப் போனேன்?"

"பொறவு எங்கிட்ட ஏன் கேக்கல?"

"ஹவில்தாரய்யாட்ட கேட்டேன். அவன் கண்ணு நல்ல கண்ணு, வாய்தான் அவசரம், விட்டுரும்மான்னு சொல்லிட்டாவ."

இத்தனை வருஷம் அவருக்குக் கிடைத்த பேரும், அவரைத் தேடிப்போன கூட்டமும் எனக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமைப்பட்டேன். இப்போது அதெல்லாம் எனக்கு வேண்டாம். ஒரு வில்லைப் பற்றித் தெரியாததைத் தெரியும் என்று ஒருநாளும் சொல்லாத மனுஷன், தெரிந்ததை மாற்றி ஒரே ஒரு பொய் சொன்னார். அதை எனக்காகச் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பொய்தான். நானும் ஆயிரம் புளுகியிருக்கிறேன். இன்னொருவனுக்காக ஒன்றுகூட இல்லை.