துவைகல்லும் தகட்டுப் பாம்பும்

போன செவ்வாய்க்கிழமை சங்கரன்கோவிலுக்குப் போனது பக்தியால் இல்லை, மனைவி வீடு திரும்பவேண்டும் என்பதற்காக. திருநெல்வேலியில் எங்கள் புது வீட்டின் துவைகல் பக்கம் பாம்பைப் பார்த்ததாகச் சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராயகிரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பதினோரு நாள் ஆகியிருந்தது. நானும் டார்ச் அடித்துத் தேடினேன், பாம்பு உரித்த சட்டைகூடக் கிடைக்கவில்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மன் உண்டியலில் தகட்டுப் பாம்பு உரு போட்டால் இனி வராது, அது எனக்குத் தெரியும் என்றாள் போனில். தெரியும் என்று சொல்லாதே, நம்புகிறேன் என்று சொல் என்றேன். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவனுக்கு நாக்கில் சனி. போனை வைத்துவிட்டாள்.

காலை 7.10க்குப் பஸ். ஐம்பத்தாறு கிலோமீட்டர். பனவடலிசத்திரம் தாண்டியதும் ஜன்னலோரக் காற்று சுகமாக இருந்தது. 8.50க்கு இறங்கி நடந்தேன், ஆட்டோ தேவையில்லை.

கோவில் வாசலில் பாம்பு, தேள், கண், கால் என்று தகட்டு உருக்கள் விற்கிறார்கள். பாம்பு முப்பது ரூபாய். இதைப் போட்டால் நிஜமாகவே வராதா என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பலிச்சவுக திரும்பி வந்து சொல்லுதாவ. பலிக்காதவுக எதுக்கு இங்கன வாராவ? அதனால தெரியும்னு சொல்ல மாட்டேன். நம்புதேன், அவ்வளவுதான்."

எங்கள் லேபில்கூட யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசிக் கேட்டதில்லை.

உண்டியல் முன்னால் நின்றபோது குறுக்குப் புத்தி வேலை செய்தது. போடாமலே போட்டேன் என்று சொன்னால்? அவள் நிம்மதியாகத் தூங்கினால், தகட்டில் ஒன்றுமில்லை என்பது நிரூபணமாகிவிடுமே. கை பாதியில் நின்றது. அவளுக்கு என் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. போட்டுவிட்டேன்.

வெளியே வந்து போன் செய்தேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சரி, சாயங்காலம் பஸ்ஸுக்கு வாரோம்."

படம் அனுப்பச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் விஷயத்தில் எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரை போட்டுத் துவைகல்லை நெம்பினேன். பதினோரு நாளில் அதை நான் நகர்த்திப் பார்க்கவே இல்லை. அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து இருந்தது.